மதாம் வீட்டு வெண்கலத் தலை

என் கைக்கு வந்த பித்தளை பளபளக்காமல் திரும்பிப் போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். சாரம் பகுதியில் எனக்கு ஒரு பாலிஷ் பட்டறை இருக்கிறது. இரண்டு மோட்டார், நாலு துணிச் சக்கரம், தண்ணீர்த் தொட்டி, ஓயாமல் கறுப்பாகிற சுவர். கல்யாண சீசனில் குத்துவிளக்கு வரும். ஆடி மாதம் மாரியம்மன் கோவில் திருவாசி வரும். கிறிஸ்மஸுக்கு முன்னால் சர்ச் மெழுகுவர்த்தித் தண்டுகள் கோணியில் வரும். இருபத்து மூன்று வருஷமாக இதுதான் என் பிழைப்பு. பொம்பளை எதுக்கு மோட்டார் ஓட்டுறே என்று கேட்டவர்கள் எல்லாம் பிறகு தங்கள் வீட்டு விளக்கைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தார்கள்.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஒரு பழைய வீட்டில் மதாம் இருக்கிறார். எண்பத்தாறு வயது. தமிழர்தான், மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. ஆனால் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் என்பதால் அந்தத் தெருவுக்கே அவர் மதாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒரு தடவை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "நேரம் இல்ல" என்றார். அவரோடு இருப்பது சமையல் அக்கா மட்டும்தான். மூலக்குளத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்பிப் போவார்.

ஒவ்வொரு டிசம்பரிலும் நானே நேரில் போய் அந்த வீட்டுப் பித்தளையை எடுத்து வருவேன். கதவுக் குமிழ்கள், சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தித் தண்டு, ஒரு பூச்சாடி. எல்லாம் கோணிக்குள் போகும். போகாதது ஒன்றே ஒன்று, சாப்பாட்டு அறை அலமாரி மேல் இருந்த வெண்கலத் தலை.

எனக்கு அந்தத் தலையைப் பிடிக்காது. முகம் நீளமாக, மழமழவென்று, மட்டை உரித்த தேங்காய் மாதிரி இருக்கும். மூக்கு ஒரே கோடு. கண் இரண்டும் கத்தியால் கீறின மாதிரி இரண்டு வெட்டு, அவ்வளவுதான். முடி இல்லை, காது இருக்கிற இடத்தில் சின்ன மேடு, கழுத்து அளவுக்கு மீறி நீளம். செய்தவன் பாதியில் எழுந்து போய்விட்டான் என்றுதான் நான் நினைத்தேன். போதாததற்கு மொத்தமும் கறுப்பு. வருஷா வருஷம் கேட்பேன்.

"மதாம், அந்தத் தலையும் குடுங்களேன். தகதகன்னு பண்ணித் தர்றேன்."

"அது இருக்கட்டும்" என்பார்.

நம்மூரில் ஒருவர் இருக்கட்டும் என்றால் அது மறுப்பா என்ன? இலையைக் கையால் மறைத்தாலும் விரல் இடுக்கில் ஒரு கரண்டி பாயசம் ஊற்றிவிடுகிற ஊர் இது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்கிறவருக்குக் கட்டாயம் கொடுப்பதுதான் நமக்குத் தெரிந்த மரியாதை. மதாம் எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று பார்க்கிறார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், டிசம்பர் தொடக்கத்தில், அவருக்குக் கண் ஆபரேஷன் என்றார்கள். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, தட்டில் இருப்பது மீனா முள்ளா என்று தெரியாத அளவுக்கு ஆகிவிட்டிருந்தது. முதலில் வலது கண், அடுத்த மாதம் இடது கண். பித்தளை எடுக்கப் போன அன்று சும்மா கேட்டு வைத்தேன்.

"கண்ணு தெளிஞ்சதும் முதல்ல யாரப் பார்க்கப் போறீங்க மதாம்?"

"எங்கம்மாவ" என்றார். அவர் அப்படிச் சட்டென்று பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

சாப்பாட்டு அறையில் அந்தத் தலைக்கு நேர் மேலே அவர் அம்மாவின் போட்டோ மாட்டியிருந்தது. சட்டம் போட்ட பழைய ஸ்டூடியோ போட்டோ. அதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பாவம், புதுக் கண்ணோடு வந்து அம்மா போட்டோவைப் பார்க்கும்போது அதற்குக் கீழே இந்தக் கரிக்கட்டையா இருக்க வேண்டும்? மதாம் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளில், சமையல் அக்காவிடம் சொல்லிவிட்டுத் தலையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் கிறிஸ்மஸ் பரிசு.

அக்கா ஒரு வார்த்தை சொன்னார். "எதுக்கும் ஒருவாட்டி கேட்டுக்கோயேன்."

"அவங்க வேணாம்னுதான் சொல்லுவாங்க, உனக்குத் தெரியாதா" என்றேன்.

எட்டு கிலோ இருக்கும். பாலிஷ் சோப்பு தடவிய சக்கரத்தில் காட்டியதும் கறுப்பு உரிந்து உள்ளேயிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. அடேங்கப்பா, என்ன வெண்கலம் அது. ஒரு ஓட்டை இல்லை, ஒரு ஒட்டு இல்லை. கன்னத்தை ஓட்டும்போது சக்கரம் வழுக்கிக்கொண்டே போனது. பிடிக்காத தலை அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் பிடித்தது. தாடைக்குக் கீழே ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்த மாதிரி ஒரு தழும்பு இருந்தது. உப்புத்தாள் வைத்து அதையும் வழித்து எடுத்தேன். கண் வெட்டுக்குள் கறுப்பு நின்றது. குச்சியில் துணி சுற்றி அதையும் எடுத்தேன். ஒரு இடுக்கு விடமாட்டேன் நான்.

மதாம் வீட்டுக்கு வந்த காலையில் நானும் அங்கே இருந்தேன். தலையை வாசலைப் பார்த்து வைத்து, கீழே வெள்ளைத் துணி விரித்திருந்தேன். ஜன்னல் வெயில் பட்டு அது கண்ணைப் பறித்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அக்காவின் தோளைப் பிடித்தபடி மதாம் நேரே அலமாரிக்கு வந்தார். போட்டோவைப் பார்க்கவில்லை. தலையைத்தான் பார்த்தார்.

"யாரு இது?"

"உங்க தலைதான் மதாம். கிறிஸ்மஸுக்கு நம்ம கைவேலை" என்றேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். கத்தவில்லை. வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்டவளிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"எங்கம்மா கறுப்பு. அவங்க குருசுக்குப்பத்துப் பொண்ணு. பத்தொம்பது வயசுல ஒரு துரை வீட்டுக் குழந்தைங்களப் பார்த்துக்கக் கப்பல்ல பாரீசுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க மாடியில சிற்பம் செய்றவன் ஒருத்தன் இருந்தான். இங்க அவங்க நிறத்தக் குறையாச் சொன்னவங்கதான் உண்டு. அவன் அந்த நிறத்தப் பார்த்துட்டுத்தான், உக்காருங்கன்னு கேட்டு, இதச் செஞ்சான். வெண்கலத்துல ரெண்டு வார்த்தான். ஒண்ண அவங்ககிட்ட குடுத்தான். புடவையில சுத்தி டிரங்குப் பெட்டியில வெச்சுக் கொண்டுட்டு வந்தாங்க."

நான் தலைக்குக் கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியின் மடிப்பை நீவினேன்.

"எனக்குப் பத்து வயசுல அவங்க செத்துட்டாங்க. அந்தப் போட்டோவப் பாரு. ஸ்டூடியோக்காரன் பவுடர் அப்பி, அது பத்தாதுன்னு பிரஷ் வெச்சும் வெளுத்தான். அதுல இருக்கறது யாருன்னு எனக்கே தெரியாது. இதுலதான் அவங்க நிறம் இருந்துச்சு. இப்ப நீ இவங்களையும் வெள்ளைக்காரி ஆக்கிட்டியே."

சமையல் அக்கா மெல்ல, "மதாம், டாக்டர் அழக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றார். "நான் அழல" என்றார் மதாம். உண்மையிலேயே அழவில்லை. இரண்டு கையாலும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த கண்ணில் தண்ணீர் வந்துவிடாமல் காத்துக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கு வாய் நீளம். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் கோபம்தான் வரும். "நல்லது செய்ய வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, காலிக் கோணியை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணி, நாலு தெரு தாண்டி, ஒரு மர நிழலில் நிறுத்தினேன். மேலே ஓட்ட முடியவில்லை.

நானும் கறுப்புதான். அதுவும் சாதாரணக் கறுப்பு இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் மூன்று பேர், பலகாரத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் நிறத்தைக் காரணம் சொன்னார்கள். கடலை மாவு, மஞ்சள், பாலாடை என்று என்னைத் தேய்க்காத பொருள் இல்லை. கல்யாண போட்டோவில் என் முகம் ஒருத்தியுடையது, கழுத்து இன்னொருத்தியுடையது. இத்தனை வருஷம் கறுப்பாக எது வந்தாலும் அதை அழுக்கு என்றே பார்த்துப் பழகியிருக்கிறேன், பித்தளையில் மட்டும் இல்லை. அந்த மரத்தடியில் எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு பெண்ணின் நிறத்தைக் கேட்காமல் கொள்ளாமல் தேய்த்து எடுத்துவிட்டு அதைப் பரிசு என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

நாலு நாள் கழித்து சமையல் அக்கா போன் செய்தார்.

"ரெண்டாவது கண்ணுக்கு டாக்டர் தேதி குடுத்துட்டாரு. மதாம் வேணாங்குறாங்க. பார்க்கறதுக்கு இன்னா இருக்கு, ஒரு கண்ணே ஜாஸ்தின்னு சொல்றாங்க. தலை மேல துண்டு போட்டு மூடி வெச்சிருக்காங்க. இடது கண்ணு அப்படியே விட்டா கெட்டுப்போயிடும்னு டாக்டர் என்னைத் திட்றாரு."

"நான் வர்றேன்" என்றேன்.

மதாம் முன்னால் போய் நின்று, "தப்பு என்னுது. நானே சரி பண்ணித் தர்றேன்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துண்டோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போ என்கிற மாதிரி கையை மட்டும் காட்டினார். எனக்கு அது போதும். எடுத்ததைத் திரும்ப வைக்கத் தெரியாதவள் என்ன பாலிஷ்காரி?

முதல் தடவை சொதப்பினேன். கைவினைக் கடைகளுக்கு ஆன்டிக் பினிஷ் என்று ஒரு கறுப்பு ஏற்றிக் கொடுப்போம். மருந்தில் முக்கி எடுத்தால் அரை மணியில் வேலை முடிந்தது. அப்படித்தான் செய்து கொண்டுபோனேன். மதாம் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இது தாரு. எங்கம்மா தாரு இல்ல."

திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் கர்வத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஓவியக் கல்லூரியில் சிற்பம் சொல்லிக்கொடுக்கிற ஒரு சாரைப் போய்ப் பார்த்தேன். அவர் என் பட்டறைக்கே வந்து தலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணையும் காதையும் சுருக்கி, முகத்தை இப்படி மழமழவென்று பிடிக்கிற வழி அந்தக் காலத்தில் பாரீசில் புதுசு என்றார். பாதியில் விட்டுப் போன வேலை இல்லையாம், இதற்கு மேல் ஒரு கோடு போட்டாலும் கெட்டுவிடும் என்று தெரிந்து நிறுத்தினதாம்.

"எங்கயாவது விரல் ரேகை இருந்துச்சாம்மா? வார்க்கறதுக்கு முன்னாடி மெழுகுல செஞ்சவனோடது?" என்று கேட்டார்.

"இருந்துச்சு சார். நான் வழிச்சுட்டேன்."

நான் காட்டிய இடத்தை அவர் விரலால் தடவிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பிறகு வழி சொன்னார். மருந்தில் முக்கக் கூடாது. வெண்கலத்தைச் சூடு பண்ணி, மருந்தைத் தண்ணீராகக் கரைத்து, பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு ஏற்ற வேண்டும். ஒரு பூச்சு, ஆற விட்டு இன்னொரு பூச்சு. முதலில் செம்பழுப்பு வரும், அதன் மேல் கறுப்பு வரும். அடியில் இருக்கிற சிவப்பு தெரிகிற மாதிரி நிறுத்தினால்தான் அது தோல் மாதிரி இருக்கும். கடைசியில் மெழுகு.

"எந்த இடத்துல நிறுத்தறது சார்?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? அவங்களப் பார்த்தவங்களக் கேளுங்க."

பார்த்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் பாக்கி. உடைந்த வெண்கலப் பானை ஒன்றை வெட்டி ஏழு துண்டு செய்தேன். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறம் ஏற்றினேன். காலை வெயிலில் மதாம் வீட்டு ஜன்னல் விளிம்பில் அதை வரிசையாக வைத்தேன். மதாம் வலது கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒன்று ரொம்பச் சிவப்பு. ஒன்று சாம்பல். ஒன்று பள்ளிக்கூடக் கரும்பலகை. நாலாவதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "இல்ல" என்றார். ஏழும் இல்லை.

"எப்படி இருப்பாங்கன்னு சொல்லுங்களேன் மதாம். நாவப்பழம் மாதிரியா, காப்பிக்கொட்டை மாதிரியா?"

"எங்கம்மா மாதிரி இருப்பாங்க" என்றார். "எனக்கு ஞாபகம் இல்லையோ என்னவோ. நான் இந்தத் தலையைத்தான் ஞாபகம் வெச்சிருந்தேனோ என்னவோ. இனிமே எப்படித் தெரியும்?"

ஒரு மனுஷி அம்மாவை இரண்டாம் தடவை தொலைக்கிறதைக் கண் முன்னால் பார்த்தேன். தொலைத்தது நான். துண்டுகளைப் பொறுக்கப் போனேன்.

கையை நீட்டினேன் இல்லையா, அதை மதாம் பிடித்தார். முதலில் நான் துண்டுகளை எடுக்க வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன். அவர் என் வளையல்களை மேலே தள்ளினார். மணிக்கட்டைத் திருப்பினார், உள்பக்கம் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையசைத்தார். வெளிப்பக்கத்தைத் திருப்பி வெயிலில் பிடித்தார். முழங்கைக்கு நாலு விரல் கீழே, என் கையிலேயே ரொம்பக் கறுத்த இடத்தில், கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"இதான்."

"மதாம்?"

"இதான்மா. அவங்க எனக்குத் தலை வாரும்போது இந்தக் கைதான் கண்ணு முன்னாடி வரும். இந்த நிறம். இதுக்கு மேல வேணாம், கீழயும் வேணாம்."

சமையல் அக்கா கரண்டியும் கையுமாக வாசற்படியில் நின்றிருந்தார். "பார்த்தியா, இத்தினி நாளா பவுடருக்குச் செலவு பண்ணதெல்லாம் தண்டம்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டாக்டர் எனக்கு ஒன்றும் தடை போடவில்லையே, நான் அழுதேன். என் ஐம்பத்திரண்டாவது வயசில் ஒருவர் என் நிறத்தைப் பார்த்து இதற்குக் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சிக்னலில் நிற்கும்போது என் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. தார்க் கறுப்பை வழித்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். கேஸ் பர்னரில் சூடு பண்ணி, தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகிற பதத்தில் மருந்தைத் தொட்டு வைப்பேன். ஆறினதும் கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு, தலையைப் பட்டறை வாசலுக்குத் தூக்கிப்போய், வெளிச்சத்தில் அந்தக் கன்னத்துக்குப் பக்கத்தில் என் கையை வைப்பேன். போதாது. உள்ளே போய் இன்னொரு பூச்சு. தெருவில் போகிறவர்கள் இவளுக்கு என்ன ஆச்சு என்று பார்த்தார்கள். பார்க்கட்டும். மூன்று நாள், பதினொரு பூச்சு. மூன்றாம் நாள் பதினொரு மணி வெயிலில் என் கை எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று எனக்கே கொஞ்சம் குழப்பமாக இருந்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். இன்னும் ஒன்று போட்டால் நன்றாக இருக்குமோ என்று கை துறுதுறுத்தது. போடவில்லை. என் வாழ்க்கையில் ஒரு பொருளை அந்த இடத்தில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

மெழுகு தேய்க்கும்போது அந்த முகத்தை நெருக்கத்தில் பார்த்தேன். கீறல் மாதிரி இருந்த கண் இரண்டும் மூடிய கண். வேலை முடிந்து, குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஒரு நிமிஷம் கண்ணை மூடுகிற பெண் அவள். இத்தனை வருஷம் அதை நான் பார்க்கவே இல்லை. நான் பார்த்ததெல்லாம் கறுப்பை மட்டும்தான்.

பொங்கல் கழிந்து இரண்டாம் நாள் கொண்டுபோனேன். பழைய இடத்தில் வைத்தேன். இந்தத் தடவை வெள்ளைத் துணி விரிக்கவில்லை, வாசலைப் பார்த்துத் திருப்பவும் இல்லை. முன்னால் எப்படி இருந்ததோ அப்படி, ஜன்னலைப் பார்த்து வைத்துவிட்டு அக்கா பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். எனக்கு வேலையில் சந்தேகம் இல்லை. ஆனாலும் காலிக் கோணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

மதாம் வந்தார். ரொம்பக் கிட்டே போய் நின்றார். வலது கையைத் தூக்கி அந்தக் கன்னத்தின் மேல் வைத்தார், எடுக்கவில்லை. தெருவில் ஒரு மீன்காரம்மா கூவிக்கொண்டு போய்த் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அப்படியே நின்றார்.

பிறகு இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பார்த்தார். கையை மாற்றி, வலது கண்ணை மூடிக்கொண்டு, ஆபரேஷன் செய்யாத கண்ணால் பார்த்தார். திரும்பவும் மாற்றினார். திரும்பவும்.

"இந்தக் கண்ணுல அம்மா சரியாத் தெரியல" என்றார். "டாக்டருக்குப் போன் போடும்மா."